தவசிமுத்துவின் மோதிர விரல்

1986 மார்ச்சில் தவசிமுத்து முதன்முதலாக எங்கள் ஆபீசுக்கு வந்தபோது வலது கையைத் துண்டால் மூடியிருந்தார். பேசியதெல்லாம் அவருடைய மனைவி பரிபூரணம்தான். நான் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீல் சுயம்புலிங்கத்திடம் குமாஸ்தாவாக இருந்தேன். பஸ்ஸிலும் லாரியிலும் அடிபட்டவர்களின் வழக்குகள் எங்களிடம் நிறைய வரும். மனுவில் எழுத என்ன தொழில் என்று கேட்டேன். சினிமாவுக்குப் பியானோ வாசிக்கிறார் என்று அந்தம்மா சொன்னார். நான் நம்பவில்லை. ஆனாலும் எழுதிக்கொண்டேன்.

வழக்குக்காக அவரைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ராஜபாளையத்தில் பிறந்தவர். அப்பா நூல் மில்லில் மேஸ்திரி. அந்த ஊர்ப் போதகர் வீட்டில் ஒரு பழைய பியானோ இருந்தது. போதகரின் மனைவிக்கு வாசிக்கத் தெரியும். எட்டு வயதில் அந்தம்மாவிடம் போய் உட்கார்ந்தவர், பத்து வருஷம் விடாமல் கற்றிருக்கிறார். மில்லில் வாங்கித் தந்த வேலையை ஒரே மாதத்தில் உதறிவிட்டுச் சென்னைக்கு ரயிலேறினார். முதல் இரண்டு வருஷம் ஓட்டல்களில் வாசித்தார். பிறகு ஒருநாள் ரெக்கார்டிங் தியேட்டரில் வழக்கமாக வாசிப்பவருக்குக் காய்ச்சல் என்று இவரை அழைத்துப் போனார்கள். அதன்பின் பதினேழு வருஷம் அதுதான் பிழைப்பு.

அப்போதெல்லாம் பாடகர், வயலின்காரர்கள், தபலாக்காரர் என்று நாற்பது பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒன்றாக வாசிப்பார்கள். கடைசி அடியில் ஒருவர் தவறினாலும் முதலிலிருந்து எல்லாரும் திரும்ப வாசிக்க வேண்டும். தவசிமுத்து வாசிக்கிறார் என்றால் அந்தப் பக்கத்தில் கவலையில்லை என்று பேர். ஆனால் அந்தப் பேர் அந்தக் கூடத்தைத் தாண்டி வெளியே வரவில்லை. படத்திலும் போட மாட்டார்கள், இசைத்தட்டு உறையிலும் போட மாட்டார்கள்.

1985 கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தவர், ஜனவரி மூன்றாம் தேதி காலையில் மதுரை பஸ்ஸில் ஏறினார். வலப்பக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள் எதிரே வந்த பஞ்சு லாரி பஸ்ஸை உரசிக்கொண்டு போனது. பஸ்ஸில் வேறு யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவருக்கு மோதிர விரலும் சுண்டு விரலும் அந்த இடத்திலேயே போய்விட்டன. நடுவிரல் தப்பியது, ஆனால் மடங்காது.

வழக்கு விசாரணைக்கு வர இரண்டு வருஷம் ஆனது. அதற்குள் வக்கீலுக்கு ஒரு பெரிய கவலை வந்தது. இவர் பியானோ வாசித்தவர் என்பதற்கு எங்களிடம் என்ன அத்தாட்சி இருக்கிறது? இசைக்கலைஞர் சங்க அட்டை ஒன்று இருந்தது. அது உறுப்பினர் என்று மட்டும் சொல்லும், வாசித்தார் என்று சொல்லாது. ஆகவே சென்னைக்குப் போய் ஒரு சாட்சியைப் பிடித்து வரும்படி என்னை அவரோடு அனுப்பினார்.

ரெக்கார்டிங் தியேட்டர் வாசலில் அவரைப் பார்த்ததும் வயலின்காரர்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். காபி வாங்கிக் கொடுத்தார்கள். டம்ளரை அவர் இடது கையால் வாங்கியதும் பேச்சு குறைந்துபோனது. சாட்சி என்று நான் ஆரம்பித்தேன். ஒருவருக்கு மகள் கல்யாணம், ஒருவருக்கு உடம்பு சரியில்லை. கோர்ட்டில் ஏறினால் தங்களுக்கு எப்படிக் கூலி வருகிறது, யார் தருகிறார்கள் என்று குடைவார்களே என்ற பயம் எல்லார் முகத்திலும் தெரிந்தது. இசை நோட்டுகளை எழுதித் தரும் தங்கச்சாமி என்பவர் மட்டும் கட்டாயம் வருகிறேன் என்றார். வாய்தா தேதியில் நான் காலையிலிருந்து பஸ் நிலையத்தில் நின்றேன். அவர் வரவில்லை.

தவசிமுத்துவே ஒரு யோசனை சொன்னார். தான் வாசித்த ஒரு பாட்டை நீதிபதிக்குப் போட்டுக் காட்டலாம் என்றார். அவரே வாய்விட்டுக் கேட்டதை மறுக்க வக்கீலுக்கு மனம் வரவில்லை. தெற்கு ரத வீதியில் ரேடியோக் கடை வைத்திருந்த என் மச்சானிடம் டேப் ரெக்கார்டரை வாங்கிக்கொண்டு போனேன். நீதிபதி கொஞ்சம் யோசித்துவிட்டு அனுமதித்தார்.

அது எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. வாசலில் நின்ற கோர்ட் டவாலியின் தலை லேசாக ஆடியது. இரண்டாம் சரணம் முடிந்ததும் பியானோ மட்டும் சடசடவென்று இறங்கி வரும் இடம் ஒன்று உண்டு. கூண்டில் நின்ற தவசிமுத்து இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் எழுந்தார். "இது நீங்க வாசிச்சதுதான்னு எப்படி நம்புறது?"

"அந்த இடத்துல மோதிர விரல் பக்கத்துக் கட்டையையும் சேத்துத் தொட்டிருச்சு. தப்புச் சத்தம் ஒண்ணு விழும். பாடுறவரு ஊருக்குக் கெளம்புற அவசரத்துல இருந்தாரு, அதனால அப்படியே விட்டுட்டாங்க. அந்தத் தப்பு என்னோடது."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி அடக்கிவிட்டு, அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார். நான் நாடாவைப் பின்னால் ஓட்டிப் போட்டேன். ஃபேனை நிறுத்திவிட்டு எல்லாரும் காதைக் கொடுத்தார்கள். மூன்றாம் தடவையும் போட்டேன். எனக்கு எந்தத் தப்பும் கேட்கவில்லை. நீதிபதி தலையை அசைத்தார். அவருக்கும் கேட்கவில்லை.

"இந்தா, இப்ப," என்று தவசிமுத்து மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் அடுத்த கேள்விக்குப் போனார். கையை வெளியே நீட்டக் கூடாது என்று பஸ்ஸில் எழுதியிருந்ததே, அன்று கை எங்கே இருந்தது என்று கேட்டார். இந்தக் கேள்வி வரும் என்று எங்களுக்குத் தெரியும். கை உள்ளேதான் இருந்தது, பஸ் குலுங்கியதில் வெளியே போய்விட்டது என்று சொல்லும்படி முந்தின நாளே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவரும் சரி என்றிருந்தார்.

தவசிமுத்து என்னை ஒரு தடவை பார்த்தார்.

"வெளியதான் இருந்துச்சு. மறுநா ரெக்கார்டிங். அதை ஜன்னல் தகரத்துல வாசிச்சுப் பாத்துக்கிட்டு வந்தேன்."

வக்கீல் சுயம்புலிங்கம் கையிலிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டார். வெளியே வந்ததும் அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். வராந்தாவில் நான்தான் பொறுக்க முடியாமல், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"கை உள்ள இருந்துச்சுன்னு சொன்னா, அது என்ன செஞ்சுக்கிட்டிருந்துச்சுன்னு சொல்ல முடியாதே பாய்," என்றார்.

மறு வருஷம் தீர்ப்பு வந்தது. தொழில் நிரூபிக்கப்படவில்லை என்று அவரைச் சாதாரணக் கூலியாளாக எடுத்துக்கொண்டார்கள். கையை நீட்டியது அவருடைய தவறு என்று அதிலும் பாதியைக் கழித்தார்கள். மேல்முறையீடு செய்ய வக்கீல் தயாராக இருந்தார். தவசிமுத்து வேண்டாம் என்றுவிட்டார்.

ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்யும் ஷெட் ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. சுருட்டி வைத்த துணியை எடுத்து, நூல் விட்டிருக்கிறதா என்று பார்த்து அடுக்க வேண்டும். இரண்டு விரலும் கட்டைவிரலும் போதும். ஒரு தடவை அவரைப் பார்க்க அங்கே போனேன். தறிச் சத்தத்தில் பேச முடியவில்லை. அவருடைய புருவத்திலும் மீசையிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. வெளியே வந்து டீ குடித்தோம். சபையில் இடது கையாலாவது வாசிக்கக் கேட்டார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தாராம். பாதிப் பாட்டில் எழுந்து வந்துவிட்டாராம். அதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை, பஸ் தவறியதைச் சொல்வதுபோலச் சொன்னார். பேசும்போதே இருமல் வந்துகொண்டிருந்தது.

அந்த இருமல் நிற்கவே இல்லை. நெஞ்சில் பஞ்சுத் தூசி என்றார்கள். 1995 நவம்பரில், அடைமழை நாளில், அவர் இறந்தார். எனக்குச் செய்தி வந்து சேரும் முன்னே அடக்கம் முடிந்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து பரிபூரணம் மகள் ஜெயபாயைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். ஜெயபாய் அப்போது மதுரையில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். வழக்குக் கட்டு இருந்தால் வேண்டும் என்றார் அந்தம்மா. மேலே அட்டத்தில் தேடி எடுத்துக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் கோர்ட்டுக்காக எடுத்த கையின் போட்டோ அதில் இருந்தது. அதை மட்டும் உருவி என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

ஆங்கிலத்தில் இருந்த தீர்ப்பின் நகலைப் புரட்டிவிட்டு, "இதுல அவியளப் பத்தி என்னன்னு எழுதியிருக்கு பாய்?" என்று கேட்டார்.

"சினிமாவுக்குப் பியானோ வாசிச்சவருன்னு எழுதியிருக்கும்மா," என்றேன்.

அவர் வழக்குக் கட்டை எடுத்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டார். ஜெயபாய் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருவரும் படியிறங்கி ராஜபாளையம் பஸ்ஸுக்குப் போனார்கள்.