உங்க இஷ்டமுங்க

எங்க ஊட்ல யாரும் வேண்டாம்னு வாயத் தொறந்து சொல்ல மாட்டோமுங்க. சொன்னா மரியாதையா இருக்காதாம். அதுக்குப் பதிலா 'உன்ற இஷ்டம்'போம். சொல்லிப்போட்டு மூஞ்சியத் திருப்பிக்குவோம். கேட்டவங்களுக்குப் புரிஞ்சுரும். பன்னெண்டாவது முடிச்சு, சென்னைக்குப் போய்ப் படிக்கட்டுங்களான்னு நான் கேட்டப்ப, எங்கப்பா பேப்பர்ல இருந்து தலையத் தூக்காம 'உன்ற இஷ்டம் அம்மணி'ன்னாரு. மக்யா நாளே, விடிஞ்சதும், கோயமுத்தூர்ல ஒரு காலேஜுக்கு அப்ளிகேஷன் வாங்கப் போயிட்டேன். சென்னைப் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கல.

இந்த அர்த்தமெல்லாம் என்ற மகளுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தோணவே இல்ல.

அவ படிச்ச பள்ளிக்கூடம் அப்படி. சுத்துவட்டாரத்துல பாதிப் பள்ளிக்கூடம் சுவத்து மேல கண்ணாடிச் சில்லு பதிச்சு வெச்சு, புள்ளைகளை விடியறதுக்கு முந்தி எழுப்பி உருப்போட வெக்குது. அந்த ஜெயிலே வேண்டாம்னு என்ற ஊட்டுக்காரரு ஒத்தக் கால்ல நின்னாரு. தேடிப் புடிச்ச பள்ளிக்கூடத்துல மணியே அடிக்க மாட்டாங்க. 'குழந்தைகளுக்குத் தடை போடாதீங்க, முடிவை அவங்களே எடுக்கட்டும்'னு பெற்றோர் கூட்டத்துல சொன்னாங்க. ரெண்டு பேரும் தலையத் தலைய ஆட்டிட்டு வந்தோம். 'ஏனுங்க, புள்ள கெணத்துல குதிக்கறேன்னா என்னங்க பண்றது?'ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கேக்கல.

முடியக் கட்டையா வெட்டிக்கட்டுங்களான்னா. உன்ற இஷ்டம் கண்ணுன்னேன். வெட்டிட்டு வந்து நின்னா. பாட்டு கிளாஸை நிறுத்திக்கறேன்னா. உன்ற இஷ்டம்னேன். நிறுத்திப்போட்டா. அடி கழுதை, வேணும்னேதான் பண்றா, எத்தனை நெஞ்சழுத்தம்னு உள்ளுக்குள்ள வெந்துட்டுக் கெடந்தேன். நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா, 'தலை வலிக்குதுங்களாம்மா?'ன்னு தைலத்தை எடுத்துட்டு வருவா.

போன கோடை லீவுல சிநேகிதப் புள்ளைக நாலு பேரோட ரயில்ல மேட்டுப்பாளையம் போயிருந்தா. சும்மா ரயில்ல போய்ச் சுத்திட்டு வாரோம்னுதான் பேச்சு. நானும் ஊட்டுக்காரரும் எங்க கிரைண்டர் கடையில இருந்தோம். கல்யாணச் சீருக்கு கிரைண்டர் பாக்க ஒரு குடும்பம் வந்திருந்துச்சு. அப்பத்தான் போன் வந்துது.

"அம்மா, ஆத்துக்கு வந்திருக்கோமுங்க. தண்ணி முழங்கால் அளவுதான். எல்லாரும் எறங்கறாங்க. நானும் எறங்கட்டுங்களா?"

அந்த ஆத்தோட குணம் எங்க பக்கம் யாருக்குத் தெரியாது? மழையே இருக்காது, வெயில் பொளக்கும். மேல மலையில சங்கு ஊதி அணையத் தொறந்து விட்டாப் போதும், நின்னுட்டிருந்த பாறையே தெரியாமப் போயிரும். எறங்காதன்னு சொல்ல வாயெடுத்தேன். எதுத்தாப்பல கல்யாணப் பொண்ணோட அம்மா என்ற மொகத்தையே பாத்துட்டு நிக்கறாங்க. கடையில நின்னு புள்ளையக் கத்தறதாக்கும்? குரலை இறுக்கி, ஒவ்வொரு எழுத்தா அழுத்தி, "உங்க இஷ்டமுங்க அம்மணி"ன்னேன். பெத்த புள்ளைக்கே 'ங்க' போட்டுட்டா கோவம் உச்சிக்கு ஏறிருச்சுன்னு அர்த்தம். இதுக்கு மேல எப்படிங்க கத்தறது?

"தேங்க்ஸ்ம்மா!"ன்னா. வெச்சுட்டா.

அந்த தேங்க்ஸ்லதான் எனக்கு வெளங்குச்சு. இத்தனை வருஷமா அந்தப் புள்ள என்ற பேச்சை அப்படியே நம்பிட்டு இருந்திருக்குது. திருப்பி அடிச்சேன். ரிங் போகுது, எடுக்கல. மறுக்கா அடிச்சேன். எடுக்கல. சீரு பாக்க வந்தவங்களை அப்படியே விட்டுப்போட்டு ரெண்டு பேரும் காரை எடுத்தோம். காரமடை தாண்டற வரைக்கும் ரிங் போயிட்டே இருந்துச்சு. அப்புறம் ஸ்விட்ச் ஆஃப்னு வந்துச்சு.

ஆத்தங்கரையில கூட்டம். தண்ணி செங்காவி நெறத்துல கரையைத் தொட்டுட்டுப் போகுது. முழங்கால் ஆழமாம்! கூட்டத்தை விலக்கிட்டு ஓடினேன். யாரோ குடுத்த துண்டைப் போத்திக்கிட்டு, ஒதடு நீலம் பாரிச்சு என்ற மக உக்காந்திருந்தா. கரையில துணி தொவைச்சுட்டிருந்தவங்க சேலையும் கயித்தையும் முடிஞ்சு வீசி, பாறையில இருந்து இழுத்துப் போட்டாங்களாம். மத்த புள்ளைக முன்னாடியே கரையேறிட்டாங்க. இவதான் கடைசி.

"சங்கு சத்தம் கேட்டுதுங்கம்மா. ஏதோ மில்லுச் சங்குன்னு நெனச்சுட்டோம்."

"எதுக்குடி எறங்குன?" கையை ஓங்கிட்டேன்.

"நீங்கதானுங்களே என்ற இஷ்டம்னீங்க?"

எதுத்துப் பேசலைங்க அவ. நெசமாலுமே புரியாமக் கேட்டா. ஓங்கின கை அப்படியே நின்னுச்சு. கட்டிப் புடிச்சுட்டு ஓன்னு அழுதேன்.

திரும்பி வரும்போது கார்ல வெச்சு அவகிட்டச் சொன்னேன். நம்ம ஊட்ல இஷ்டம்னு சொன்னா வேண்டாம்னு அர்த்தம் சாமி, இனி தெரிஞ்சுக்கோ.

"அப்ப முடி வெட்டுனது? பாட்டு கிளாஸை விட்டது? அதுக்கெல்லாமும் வேண்டாம்னுதான் சொன்னீங்களா?"

அதுக்கப்புறம் அவ எதுக்கும் என்னைக் கேக்கறதில்ல.

அதுக்காக விட்டுர முடியுங்களா? வேண்டாம்ங்கற வார்த்தையச் சொல்லப் பழகிட்டேன். மொதல்ல தொண்டையில முள்ளாட்டம் குத்துச்சு, இப்பச் சரளமா வருது. இன்னைக்கு மத்தியானம் வெளிய கெளம்பி நின்னவகிட்ட நேராவே சொன்னேன். "ஆத்துப் பக்கம் போகக் கூடாது. இருட்டறதுக்குள்ள ஊடு வந்து சேரோணும். நான் கூப்பிட்டா போனை எடுக்கோணும். செரியா கண்ணு?"

அவ குனிஞ்சு ஷூ லேசைக் கட்டிட்டு இருந்தா. தலையத் தூக்கல.

"உங்க இஷ்டமுங்கம்மா."

சொல்லிப்போட்டு மூஞ்சியத் திருப்பிட்டுப் போயிட்டா. அதுக்கு என்ன அர்த்தம்னு நாந்தானுங்களே சொல்லிக் குடுத்தேன். வெளிய இருட்டிருச்சு. ரிங் போகுது, எடுக்க மாட்டேங்கறா.