வெண்கலத்தின் தொண்டை

காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் கூறுகிற அந்த மனுஷனுக்கு வெண்கலம் என்று பட்டப்பெயர். மரப்பெட்டி மேல் ஏறி நின்று அவர் விலை கூவினால், கேட்டுக்கு வெளியே லாரி கழுவுகிறவன்கூடத் திரும்பிப் பார்ப்பான். அந்தத் தொண்டையைச் சந்தையோடு விட்டுவிட்டு வந்திருந்தால் வீடு உருப்பட்டிருக்கும். உப்பு கூடினாலும் கத்தல், செருப்பு இடம் மாறினாலும் கத்தல். மனைவி பதிலுக்கு வாயைத் திறந்ததில்லை. திறக்க இடம் கிடைத்தால்தானே.

சந்தைக்காரர்களுக்கு ஒரு பைத்தியக்கார நம்பிக்கை உண்டு. ஏலம் கூறுகிறவன் குரல் கரகரத்தால் "பழுத்துடுச்சு" என்பார்கள். கத்திக் கத்தித் தொழிலில் தேறிவிட்டான் என்று அர்த்தமாம். வெண்கலத்தின் குரல் கம்மியபோதும் ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுத்து முதுகில் தட்டினார்கள். அவரும் மீசையை முறுக்கிக்கொண்டு அடுத்த பீடியைப் பற்றவைத்தார். டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று மனைவி சொன்னதற்கு, அந்தக் கம்மிய குரலிலேயே எரிந்து விழுந்தார். எச்சில் விழுங்க முடியாமல், வலி காது வரைக்கும் ஏறி, கழுத்தில் கட்டி தட்டுப்பட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிப் படி ஏறினார். குழாய் விட்டுப் பார்த்தார்கள், துளி சதை எடுத்துச் சோதித்தார்கள், குரல்வளையில் புற்றுநோய் என்றார்கள்.

டாக்டரம்மா பூசி மெழுகவில்லை. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மினாலே வந்திருக்க வேண்டும். அப்போதே வந்திருந்தால் கதிர்வீச்சு கொடுத்துக் குரலையும் காப்பாற்றியிருக்கலாம் என்றார். இப்போது குரல்வளையையே எடுத்தாக வேண்டும். இனி கழுத்தில் போடுகிற துளை வழியாகத்தான் மூச்சு. பழைய குரல் வராது, பயிற்சி எடுத்தால் வேறு விதமாகப் பேசலாம். பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் தள்ளிப்போடக் கூடாது. வெண்கலம் டாக்டரம்மாவை முறைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

சந்தையில் அவருக்குக் கையாளாக இருக்கிற தம்பி வீட்டில் காத்திருந்தான். கத்தி பட்டால் நோய் உடம்பெல்லாம் பரவிவிடும், பேசாமல் விட்டுவிடுங்கள் அண்ணே என்று உருகினான். மனைவி அதையும் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தாள். கத்தி பட்டால் பரவாது, சும்மா விட்டால்தான் பரவும் என்றாள். வெண்கலத்துக்குத் தம்பி பேச்சுதான் இனித்தது.

வீம்புக்கென்றே சந்தைக்குப் போனார். பெட்டி மேல் ஏறி முதல் விலையைக் கூவினார். காற்றுதான் வந்தது. அடுத்த விலையைப் பக்கத்துப் பெட்டியிலிருந்து தம்பி கூவினான். தயாராகவே நின்றிருக்கிறான், உருகின தம்பி. வியாபாரிகள் அவன் பக்கம் திரும்பிக் கை தூக்கினார்கள். முதுகில் தட்டினவர்களில் ஒருவன்கூட வெண்கலத்தைப் பார்க்கவில்லை. இறங்கும்போது எல்லோரையும் வெட்டிப் போடலாம் போல இருந்தது அவருக்கு.

அந்த ஆத்திரம் வழக்கம்போல வீட்டுக்கு வந்தது. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஆபரேஷனும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்," என்று அந்தக் காற்றுக் குரலிலேயே சீறினார். "நான் போய்ச் சேந்தா உனக்கு நிம்மதிதானே."

அழுவாள் என்றுதான் எதிர்பார்த்தார்.

"நிம்மதிதான்," என்றாள் அவள். துணி மடிக்கிற கை நிற்கவில்லை. "ஆனா அவ்வளவு லேசுல உங்கள விடுறதா இல்ல. இத்தனை வருஷம் நீங்க கத்துனதுக்கெல்லாம் எங்கிட்ட பதில் இருக்கு. ஒண்ணு விடாம வச்சிருக்கேன். அத கேக்காம நீங்க சாகக் கூடாது."

அவர் கத்தப் பார்த்தார், இருமல்தான் வந்தது. சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் வராத பயம் அப்போதுதான் வந்தது. சாகக் கூடாது என்று தன் முகத்துக்கு நேராகக் கோபப்பட இந்த உலகத்தில் இவள் ஒருத்திதான் இருக்கிறாள். மறுநாள் ஆபரேஷனுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்.

எல்லாம் முடிந்து வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். கழுத்தில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய். துளையில் அடைத்த சளியை உறிஞ்சி எடுத்துவிட்டு நர்ஸ் போனாள். மனைவி ஸ்டூலை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். அவர் கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கல்யாணத்துக்கு மறுநாள்ல இருந்து ஆரம்பிக்கிறேன்," என்றாள்.