குறிகட்டுவானோடு பஸ் முடியும்

கொடியேற்றத்தன்று காலையில் நிலாந்தினிக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. கோயில் கந்தோருக்குள், அந்த அலுவலக அறைக்குள் போவாள். பிறின்ரர் அச்சடித்துத் தள்ளிய துண்டைப் பார்ப்பாள். வெளியே வந்து தீர்த்தக் கேணியை ஒரு சுற்றுச் சுற்றுவாள். திரும்பவும் உள்ளே போவாள். பிள்ளையார் முன்னால் குட்டிக் கும்பிட்டவள், எத்தனை தரம் குட்டினோம் என்பதையும் மறந்து இன்னொருக்கால் குட்டினாள்.

மடத்துவெளியில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள் அவள். கொழும்புக் கொம்பனி ஒன்றுக்குக் கணினிப் புரோகிராம் எழுதுகிறாள். ஊரில் இருந்தபடியே செய்கிறேன் என்று மன்றாடி வாங்கிய முதல் வேலை இந்தக் கோயில் வேலை. பாரிசிலும் சூரிச்சிலும் இருக்கிற ஊர்ச்சனம் போனில் அர்ச்சனைக்குப் பெயர் கொடுக்கும். பெயரும் நட்சத்திரமும் கோயிலில் துண்டாக அச்சாகும். குருக்கள் அதைப் பார்த்து வாசிக்க, கொடுத்தவர்கள் அங்கே நேரலையில் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். இது சரிவந்தால் நிலாந்தினி ஊரிலேயே இருக்கலாம். பிசகினால் கொழும்புக்குப் போய்த்தான் ஆகவேண்டும். கணவன் கோபிசங்கர் குறிகட்டுவான் துறையில், நயினாதீவுக்கு ஆளேற்றும் படகில் வேலை செய்பவன். கடலை விட்டால் அவனுக்கு வேறு தொழில் தெரியாது. பிறகு ஆளுக்கொரு திக்கில்தான் குடித்தனம்.

நேற்று வீட்டில் வடிவாக வந்த பெயர்கள் இன்று கோயிலில் சிதறிக் கிடந்தன. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. அரவு என்கிற துணைக்கால் ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம். மீனலோசனி என்ற பெயரை எந்தப் பக்கத்தால் வாசிப்பதென்று தெரியவில்லை.

தர்மகர்த்தா தியாகலிங்கம் துண்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார், எட்டப் பிடித்தார்.

"என்ன பிள்ளை, உம்மடை மிசின் பாலர் வகுப்புக்குப் போகேல்லையோ?"

"வீட்டில வடிவா வந்தது, ஐயா."

"வீட்டில எல்லாரும் வடிவாத்தான் தேவாரம் பாடுவினம். குருக்கள் இதை வாசிச்சா பிள்ளையார் எலியில ஏறி ஓடிப்போடுவார். மத்தியானப் பூசைக்கு முன்னம் சரிவரேல்லையெண்டா சொல்லும், நான் பேனையை எடுத்துக் கையால எழுதிறன். பிறகு உம்மடை கொம்பனிக்கும் ஒரு கதை சொல்லத்தான் வேணும்."

பொல்லாத மனிதர் அல்ல. ஆனால் சொன்னதைச் செய்கிறவர்.

புரோகிராமை ஒருவரும் அடியிலிருந்து நுனிவரை தானே எழுதுவதில்லை. மற்றவர்கள் எழுதிவைத்தவற்றை லைப்ரரி என்பார்கள். எவை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், கட்டுகிற கருவி அவற்றை இணையத்திலிருந்து எடுத்துவந்து சேர்த்துக் கட்டும். அந்த லைப்ரரிக்கு இன்னொன்று தேவையென்றால் அதையும் கூடவே கூட்டிவரும். நிலாந்தினி கொம்பனியின் அச்சு லைப்ரரியைக் கேட்டிருந்தாள். தமிழ் எழுத்தைக் கோர்க்கிற லைப்ரரி அதன் பின்னால் தானாக வந்துவிடும் என்று நம்பி, அதைத் தனியே கேட்கவில்லை.

கேணியின் தெற்கு மூலையில்தான் சிக்னல் கொஞ்சம் எடுக்கும். அங்கே நின்று கொழும்பில் கூட வேலை செய்யும் சர்மிதாவைப் பிடித்தாள்.

"எழுத்துக் கோர்க்கிறது ஏனடி வரேல்லை?"

"எங்கடை அச்சு லைப்ரரி அதைக் கேட்டுத்தானே கிடக்கு, பார்த்தனான். இங்க நல்லா ஓடுதடி."

"இங்க கொம்புதான் ஓடித் திரியுது!"

சர்மிதா சிரித்துவிட்டாள். "கத்தாதை. எல்லாம் சேர்த்த பெரிய பொதி ஒண்டு இருக்கு, அதை இறக்கிப் பார்."

இறக்கினாள். பாதிவரை வந்து நின்றது. திரும்பத் தொடங்கினாள், திரும்ப நின்றது. வெயில் ஏறியது. மேளகாரர் வந்து இறங்கிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கோபிசங்கர் போனில் கூப்பிட்டான்.

"இஞ்சாரும், இங்க ஒரு கூத்து. ஒரு ஐயா பஸ் ரிக்கற்றைக் காட்டி, எங்கடை போட்டில ஏத்தட்டாம். தீவுக்குப் போறதெண்டுதானே பஸ் ஏறினனான் எண்டு சண்டை."

"எனக்கு இப்ப உங்கடை கூத்துக் கேக்க ஏலாதப்பா."

"கேளுமன். பஸ்ஸில வாற எல்லாரும் தீவுக்கே போகினம்? மீன் வாங்கிறவனும் வாறான், கடல் பாக்கிறவனும் வாறான். பஸ் குறிகட்டுவானோட முடிஞ்சுது, ஐயா, போட் வேணுமெண்டா நீங்கள்தான் கேட்டு ஏறவேணும் எண்டனான். முறைக்கிறார்."

நிலாந்தினி போனை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். பிறகு சேலைக் கொய்யக மடிப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கந்தோருக்கு ஓடினாள்.

லப்ரொப்பில் அச்சு லைப்ரரியின் தேவைகளைத் திறந்து பார்த்தாள். எழுத்துக் கோர்ப்பது அதிலே இருந்தது. பக்கத்தில் ஒரு சொல்லும் இருந்தது: ஒப்ஷனல், விரும்பினால் மட்டும். அச்சு லைப்ரரிக்காரர் தங்களுக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள். பின்னால் வருகிறவர்களின் தலையில் அதைக் கட்டவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் அச்சடிப்பவனுக்கு அது எதற்கு? வேண்டியவன்தான் தன் வாயால் கேட்கவேண்டும். வீட்டில் சரிவந்த காரணமும் விளங்கியது. பழைய வேலை ஒன்றுக்காக இறக்கிய அதே எழுத்துக் கோர்க்கும் லைப்ரரி அவளுடைய லப்ரொப்பில் கிடந்து, கேட்காமலே கைகொடுத்திருக்கிறது. கோயில் கணினிக்கு அது போகவில்லை.

கைவசம் இருந்ததால் இனி சிக்னலும் தேவையில்லை. தன் புரோகிராமின் தேவைகளில் அதன் பெயரைத் தானே ஒரு வரி எழுதினாள். திரும்பக் கட்டி, பென்டிரைவில் கோயில் கணினிக்கு மாற்றினாள். பிறின்ரர் முனகியது. கொம்பு முன்னால், அரவு பின்னால், நடுவில் 'ல'. மீனலோசனி ஒழுங்காக வந்து இறங்கினாள்.

தியாகலிங்கம் துண்டை எட்டப் பிடித்து ஒரு தரம் வாசித்தார். துண்டுகளைத் தாம்பாளத்தில் அடுக்கி எடுத்துப் போனார்.

பூசையில் வேதநாதக் குருக்கள் ஒவ்வொன்றாக வாசித்தார். நிலாந்தினி தூணைப் பிடித்தபடி ஒவ்வொரு பெயருக்கும் மூச்சை அடக்கினாள். இடையில் குருக்கள் ஒரு துண்டோடு நின்றுவிட்டார். புரட்டினார். கண்ணாடியைக் கழற்றினார்.

குருக்கள் கண்ணாடியில் தெறித்திருந்த பாலைச் சால்வையால் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு வாசித்தார்: "மீனலோசனி, பூராட நட்சத்திரம்."

தீபம் காட்டி முடிய, தியாகலிங்கம் திருநீறு பூசிய கையோடு கிட்ட வந்தார். அந்தக் கையில் பேனை இல்லை.

"பிள்ளை, தேர்த் திருவிழா வரைக்கும் நீர் இங்கதானே நிற்பீர்?"

"தேருக்குப் பிறகும் இங்கதான், ஐயா," என்றாள். சொல்லிவிட்டு, அடுத்த பூசைத் துண்டுகளை இன்னொருக்கால் பார்த்துவிடுவோம் என்று கந்தோர்ப் பக்கம் திரும்பினாள்.