ஸ்லோ நிற்காத கறுப்பு வண்டி

பழைய மோட்டார் சைக்கிளைப் புதுப்பிக்கிற தொழிலில் வண்டியை ஓடவைப்பது பெரிய காரியமில்லை, ஆக்ஸிலேட்டரை விட்டதும் அணையாமல் நிற்கவைப்பதில்தான் மானம் போகும். அப்படி ஒரே சீராக ஓடுவதை எங்கள் பட்டறைகளில் ‘ஸ்லோ நிக்குது’ என்போம். அது நிற்காமல் சோறு இறங்காதிருந்த சக மெக்கானிக்குகளே, தஞ்சாவூரில் நான் பட்டதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரும்புக் கடையிலிருந்து வந்தது

வலங்கைமான் பக்கத்துக் கிராமத்துக்காரர் ஆனந்தன். இன்ஜினியர். லோடு ஆட்டோவில் ஒரு பழைய வண்டியை ஏற்றிக்கொண்டு வந்தார். டேங்கில் ஓட்டை, சக்கரத்தில் பாதி ஸ்போக் இல்லை. அவர் ஊர் மிராசுதார் வயல் பார்க்க வந்துபோன வண்டி அது. மிராசுதார் காலமான பிறகு மகன் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட, இவர் தேடிப்போய் வாங்கியிருக்கிறார். இவருடைய அப்பா மாணிக்கம் அந்த நிலத்தில்தான் காலமெல்லாம் கூலிக்கு நாற்றுப் பறித்தார், கதிர் அறுத்தார்.

சிவப்பு அடித்தால் எடுப்பாக இருக்குமே என்றேன். ஆனந்தன் மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

“அதே கறுப்பு, அதே தங்கக் கோடுண்ணே. பார்த்த உடனே இது யாரு வண்டின்னு ஊருக்குத் தெரியணும்.”

மூச்சு வாங்குது

எட்டு மாதத்தில் வண்டி கண்ணாடி மாதிரி ஆனது. ஸ்லோ மட்டும் நிற்கவில்லை. டுப்டுப் என்று ஓடும், திடீரென்று சத்தம் ஏறும், இறங்கும், அணைந்துவிடும். பாயின்ட் மாற்றினேன். கண்டென்சர் மாற்றினேன். கார்புரேட்டரை எத்தனை முறை கழற்றிக் கழுவினேன் என்று எனக்கே நினைவில்லை. ஒவ்வொரு முறை மாட்டும்போதும், காற்று கசியக்கூடாதென்று அதை இன்ஜினோடு பிடிக்கும் இரண்டு நட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன்.

பக்கத்தில் லேத் வைத்திருக்கும் ராஜு வந்து காதைக் கொடுத்துக் கேட்டான். கார்புரேட்டர் இன்ஜினோடு ஒட்டுகிற முகத்தை ஒரு தடவை பார் என்றான். முப்பது வருஷமாக நான் பார்க்காத கார்புரேட்டரா என்று எரிந்து விழுந்தேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டே கிளம்பினான்.

“வண்டி மூச்சு வாங்குதுப்பா. எங்கேயோ காத்து இழுக்குது. உன் காதுக்குத்தான் கேக்கல.”

மாணிக்கம் வந்த நாள்

ஒருநாள் ஆனந்தன் அப்பாவைக் கூட்டிவந்தார். ஸ்டூலில் உட்காரவைத்து டீ கொடுத்தேன். வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்ததும் அவர் டீயை வைத்துவிட்டு எழுந்தார். தோள் துண்டு கைக்கு வந்துவிட்டது. பிறகு சுற்றிப் பார்த்து, தன்மேலேயே கோபப்பட்டவர் போல அதைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். ஆனந்தன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

நான் இன்ஜினை அணைத்தேன். பெரியவர்தான் முதலில் பேசினார்.

“இந்தச் சத்தம் மதகுகிட்டயே கேட்டுடும் தம்பி. அப்புறம் வெத்தல போடக்கூட நிமிர மாட்டோம்.”

பெரிய தெருவில்

ஊரில் கட்டிய புது வீட்டில் பால் காய்ச்சுகிற அன்று அப்பாவைப் பின்சீட்டில் வைத்து, மிராசுதார் வீடு இருக்கிற பெரிய தெரு வழியாகப் போகவேண்டும் என்பது ஆனந்தனின் ஆசை. நாள் நெருங்கிவிட்டது. நான் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன். கோளாறைக் கண்டுபிடிக்காமல், ஸ்லோ ஸ்க்ரூவைத் திருகி வேகத்தை ஏற்றிவைத்து, “சரியாயிடுச்சு” என்று கொடுத்துவிட்டேன்.

என்னையும் அழைத்திருந்தார். என் வண்டியில் பின்னாலேயே போனேன். மாணிக்கம் வெள்ளைச் சட்டையில், மகன் தோளில் ஒரு கை வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சரியாக அந்த வீட்டுக்கு எதிரே அறுவடை மெஷின் ஒன்று குறுக்கே திரும்பியது. ஆனந்தன் நிறுத்தினார். இன்ஜின் இரண்டு முறை திணறி அணைந்தது. உதைத்தார், உதைத்தார். சட்டை நனைந்ததுதான் மிச்சம். நான் ஓடிப் போவதற்குள் மாணிக்கம் இறங்கி, பின்னால் போய், குனிந்து தள்ள ஆரம்பித்துவிட்டார். வாசலில் நின்ற மிராசுதார் மகன் பல் துலக்கிக்கொண்டே சிரித்தார்.

“பழகுன வண்டிடா, வீடு தெரிஞ்சு நிக்குது பாரு!”

இரும்பு ஸ்கேல்

மறுநாள் வண்டி பட்டறைக்குத் திரும்பியது. நன்றாகச் சூடேற்றி, கார்புரேட்டர் இன்ஜினோடு சேருமிடத்தில் ஆயில் விட்டேன். ஆயில் இடைவெளியை அடைத்ததும் சத்தம் மாறியது. கழற்றி அதன் முகத்தில் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. இறுக்கி இறுக்கி நானே வளைத்திருக்கிறேன். சூடேறினால் சந்து பெரிதாகி, காற்று புகுந்துவிடும். கண்ணாடிமேல் எமரி தாளைப் போட்டு ஒரு மணிநேரம் தேய்த்தேன். முகம் சமமானது. அரைமணி நேரம் ஓடவிட்டேன். சத்தம் ஏறவில்லை, இறங்கவில்லை.

ஆனந்தனை வரவழைத்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், ஸ்க்ரூவைத் திருகியது உள்பட. திட்டுவார் என்று நின்றேன். அவர் ஆக்ஸிலேட்டரை ஒருமுறை திருகி விட்டார்; வண்டி அணையாமல் சீராக ஓடியது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு இன்னொரு தடவை போய்வாருங்கள் என்றேன்.

“அவரு இனிமே ஏற மாட்டேங்கிறாருண்ணே. நானும் கூப்பிடப் போறதில்ல.”

இப்போதெல்லாம் கோளாறு பிடிபடாத வண்டியைப் ‘பிடிபடவில்லை’ என்றே சொல்லித் திருப்பிக் கொடுக்கிறேன், அந்த நேர்மையைப் பார்த்த வாடிக்கையாளர்கள் நேராக வேறு மெக்கானிக்கிடம் போய்விடுகிறார்கள்.