பஸ்ஸைத் தூக்கும் அம்மா

அக்கா பின்பக்கமாக நடந்துகொண்டேதான் பேசுவார். ஒரு கையில் குடை, மறு கை சுவரைத் தடவிக்கொண்டே வரும். முகம் எங்களைப் பார்த்திருக்க, கால்கள் நடைபாதையின் பள்ளத்தையும் சாக்கடை மூடியையும் தாமாகவே தாண்டிப் போகும். ஞாயிற்றுக்கிழமை சுவரோவியம் பார்க்க வருகிறவர்கள் இதை ஒரு வித்தை என்று நினைத்துக் கைதட்டுவார்கள்.

"எனக்கு முதுகுல கண்ணு இல்லைங்க. உங்க முதுகுக்குத்தான் நான் கண்ணு," என்பார். சிரிப்பார்கள். வாரம் தவறாமல் போகும் நானும் சிரித்திருக்கிறேன்.

வார நாட்களில் திரைச்சீலைக் கடையில் வேலை. வீடு வீடாகப் போய் ஜன்னல் அளவெடுப்பார். விடுமுறை நாட்களில், காமிக்ஸ் புத்தகத்திலிருந்து குதித்து வந்ததுபோல் சுவர்களில் நிற்கும் வீரர்களையும் திருடர்களையும் கூட்டிப் போய்க் காட்டுவார். எல்லோருக்கும் அவர் காமிக்ஸ் அக்கா.

அச்சகத்தின் பின்சுவரில் பூனை முகமூடிக்காரன் ஒருவன் குழாயைப் பிடித்து ஏறுகிறான். "குழாய் நிஜம், திருடன்தான் பொய். போன மாசம் குழாய் ஒழுகிச்சு, அவன் பேன்ட் நனைஞ்சு போச்சு." வங்கியின் பக்கச் சுவரில் ஓர் இயந்திர மனிதன் ஏசி பெட்டிகளை நெஞ்சோடு அணைத்திருக்கிறான். "வெயில் காலத்துல எல்லாருக்கும் இவன் மேல பொறாமை." டமால் என்று ஆளுயர எழுத்து தெறிக்கும் முட்டுச்சந்துக்கு மட்டும் எங்களை அனுப்பிவிட்டு அவர் வாசலிலேயே நிற்பார். வெளியேற ஒரே வழி உள்ள இடத்துக்குள் அவர் நுழைவதில்லை.

காரணத்தை எனக்கு ஒருநாள் நடை முடிந்து டீ குடிக்கும்போது சொன்னார். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. "வீட்டுக்காரர் கதவுல வச்சு சாத்தினார். வேணும்னேதான்." அன்று இரவு கைக்குழந்தையோடு கிளம்பியவர், இரண்டு ஊர் மாறி இங்கே வந்து சேர்ந்தார். அந்தக் குழந்தை இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். அப்பா முகம் அவளுக்கு நினைவில்லை.

ஒளிந்து வாழ்ந்தவரைச் சுவரில் ஏற்றியவன், மாடி வீட்டில் குடியிருந்த ஓவியன். நல்ல பையன். கார் நிறுத்தும் கட்டடத்தின் பக்கவாட்டில், ஒற்றைக் கையால் பஸ்ஸைத் தூக்கி நிற்கும் வீராங்கனையை வரைந்தான். மூன்று மாடி உயரம். புருவத்தின் மேலிருந்த மச்சம், முன்பல் இடைவெளி உட்பட எல்லாம் அக்காவேதான். கண்ணைப் பொத்திக் கூட்டிப் போய்க் காட்டினானாம். பார்த்ததும் அக்கா நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

"சந்தோஷத்துல உக்காந்துட்டேன்னு நினைச்சுட்டான் பாவி."

கெஞ்சிக் கேட்டபின் கண்களுக்கு முகமூடி ஒன்றை வரைந்து கொடுத்தான். சிரிப்பு அப்படியே இருந்தது. படம் ஊரெல்லாம் பேர் வாங்க, நடையின் கடைசி நிறுத்தம் அந்தச் சுவர்தான் என்று ஏற்பாட்டாளர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அக்கா அங்கே குடையைத் தாழ்த்திக்கொண்டு, "இது பஸ்ஸைத் தூக்கற அம்மா. தூக்கிட்டாங்க. போலாமா?" என்று முடித்துவிடுவார்.

சென்ற ஞாயிறு இயந்திர மனிதனைக் காட்டிக்கொண்டிருந்தபோது அவர் கண்கள் கூட்டத்தின் கடைசிக்கே போய்ப் போய் வந்தன. பொறாமை பற்றிய வேடிக்கையை இரண்டு தரம் சொன்னார். பிறகு வழக்கமான பாதையை விட்டுவிட்டுக் கூட்டம் நெரியும் கடைத்தெருவுக்குள் எங்களைத் திருப்பினார். செருப்புக் கடை ஓரமாக என் முழங்கையைப் பிடித்தார்.

"கடைசியில நீலச் சட்டை, தொப்பி. என் கொழுந்தன். என்னை விட்டு நகராதீங்க."

திரும்பிப் பார்த்தேன். நீலச் சட்டை யாரிடமும் பேசாமல், எதையும் படமெடுக்காமல் வந்துகொண்டிருந்தது. நாங்கள் வேகமாக நடந்தால் வேகமாக, நின்றால் நின்று. ஓடிவிடலாமா என்று கேட்டேன்.

"ஓடினா வீட்டுக்குத்தானே ஓடணும்? வீட்டைக் காட்டிக் கொடுக்கவா?"

எனவே நடந்தார். பஸ்ஸைத் தூக்கும் அம்மாவின் காலடியில் எல்லோரும் அண்ணாந்து பார்த்து நிற்க, அந்த ஆள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அருகில் வந்தான்.

"அண்ணி."

அக்கா குடையை இன்னும் தாழ்த்தினார்.

"பயப்படாதீங்க அண்ணி. போன்ல யாரோ அனுப்பின படத்துல பார்த்தேன். முகமூடி போட்டா உங்க சிரிப்பு தெரியாமப் போயிடுமா?"

"அவருக்கும் அனுப்பினாங்களா?"

"தெரியல."

"தெரியலையா, சொல்ல மாட்டியா?"

"நிஜமாவே தெரியல அண்ணி. அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. பாப்பாவை ஒரு தடவை பாக்கணும்னு... எங்க இருக்கீங்கன்னு மட்டும் சொன்னீங்கன்னா..."

அக்கா குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"அன்னிக்குக் கதவுக்கு அந்தப் பக்கம் நீ நின்னுட்டிருந்த. நான் கத்தினது கேட்டுச்சா?"

அவன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பக்கத்தில் ஒரு குடும்பம், பஸ்ஸும் தெரிய வேண்டும், குழந்தையும் தெரிய வேண்டும் என்று சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

"கேட்டுச்சு அண்ணி."

"சரி. அசையாம நில்லு."

தன் போனை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். அவன் குனிந்துகொண்டதில் முதல் படத்தில் முகம் விழவில்லை. "தலையை நிமிர்த்து," என்றார். நிமிர்த்தினான். இன்னொன்று எடுத்தார். அதை மகளுக்கு அனுப்பிவிட்டு, போனை வாயருகே வைத்து, அவன் காதுபடவே பேசினார்.

"பாப்பா, இந்த ஆள் வந்து தட்டினா கதவைத் திறக்காத. சித்தப்பான்னு சொன்னாலும் திறக்காத. அழுதாலும் திறக்காத."

குரல் போய்ச் சேரும்வரை காத்திருந்தார். பிறகு போனைத் திருப்பி, போய்ச் சேர்ந்துவிட்டதை அவனுக்கே காட்டினார்.