சிக்னல் எந்த லைன்?

பூதிகோட்டை சாலையில் இருக்கும் ஸ்டீவனின் குதிரைப் பண்ணையில் ஒரு பழைய சிமென்ட் தொட்டி இருந்தது. நீளம் முப்பதடி, அகலம் நாலடி, ஆழம் ஏழடி. மேலே தகரம் போட்டு மூடி, தகரத்தின் மேல் மண் சேர்ந்து, புல்லும் முளைத்துத் தரையோடு தரையாகிப்போயிருந்தது. வியாழக்கிழமை மதியம் மேய்ந்துகொண்டே போன பெண்குதிரை சிக்னல் அதன் மேல் கால் வைத்தது.

சத்தம் கேட்டு, குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் மனோகர் ஓடினான். விளிம்புக்கு மேல் இரண்டு காதுகள் மட்டும் தெரிந்தன.

ஸ்டீவன் அரைமணி நேரத்தில் வந்துவிட்டார். விளிம்பில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தார்.

"கால் ஒடஞ்சிருந்தா டாக்டர் ஊசி போட்டு முடிச்சிடுவாரு, மனோ."

"ஒடயல சார். நாலு கால்லயும் சமமா நிக்கிறா."

"சரி, அரை டன் ஒடம்ப எப்படி மேல தூக்கப்போற?"

"தூக்க வேணாம் சார். அந்தக் கோடியில மண்ணு கொட்டிச் சரிவு போட்டா அவளே ஏறிடுவா."

ஊருக்குள் போய் ஜேசிபியோடு ராஜப்பாவைக் கூட்டிவந்தார்கள். ராஜப்பா பூதிகோட்டைக்காரர், கன்னடமும் தமிழும் கலந்து பேசுபவர். குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "பந்தயக் குதிரைன்னா கண்ணாடிக் கால் அண்ணா. என் வண்டி சத்தத்துக்கே எகிறும். பாதிச் சரிவுல பாஞ்சிச்சுன்னா கால் போச்சு."

"அதுக்குத்தான் ஒருத்தர் தலையப் பிடிச்சிகினு நிக்கணும்" என்றான் மனோகர்.

"யாரு?"

மனோகர் அதற்குள் ஏணியை இறக்கியிருந்தான்.

"பேடா அண்ணா, இறங்க வேணாம்!"

இறங்கிவிட்டான். இறங்கியதும் மேலே பார்த்து, "ஏணிய இழுத்துக்குங்க. அவ கால் மாட்டிக்கும்" என்றான். ஏணி போனது. நான்கு சுவர், ஒரு குதிரை, கொஞ்சம் வானம். சுவருக்கும் குதிரையின் விலாவுக்கும் நடுவே அவன் பக்கவாட்டில்தான் நிற்க முடிந்தது. மிரண்டு ஒருமுறை திரும்பினால் அவனை நசுக்கிவிடும்.

மனோகருக்கு இறுக்கமான இடம் புதிதல்ல. தங்கவயல் மைசூர் மைன்ஸ் நாலாவது லைனில், பத்துக்குப் பதினான்கு அடி வீட்டில் ஏழு பேரோடு வளர்ந்தவன். சுரங்கம் மூடியபோது அவனுக்குப் பதினாறு வயது. மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் போய், பந்தயக் குதிரை லாயத்தில் சைஸாகச் சேர்ந்தான். குதிரையைத் தேய்த்துக் கழுவி, தீனி போட்டு, நடத்திக் கூட்டிப்போகிற வேலை.

சேர்ந்த முதல் மாதம், குதிரை வாங்க வந்த பெரியவர் ஒருவர் ஒரு குட்டியைக் காட்டி, "இது எந்த லைன்?" என்று கேட்டார். தங்கவயலில் லைன் என்றால் வீட்டு வரிசை. பெண் பார்க்கப் போனாலும், அடிதடி என்றாலும், அங்கே முதல் கேள்வி அதுதான். குட்டி கட்டியிருக்கும் லாய வரிசையைக் கேட்கிறார் என்று நினைத்து மனோகர் நிமிர்ந்து நின்று, "மூணாவது லைன் சார், கொழாய்க்குப் பக்கத்துல" என்றான். லாயமே சிரித்தது. பெரியவர் கேட்டது தகப்பன் வழியை. அன்றிலிருந்து அவன் பெயர் 'கொழா' ஆயிற்று. பதினோரு வருடம் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்பது பக்க நோட்டு வாங்கினான். ஒவ்வொரு குதிரைக்கும் அப்பன், அப்பனுக்கு அப்பன், தாய்வழி என்று எழுதினான். எந்தக் குதிரையை எடுத்தாலும் அப்பன் வழி, சுமார் முந்நூறு வருடத்துக்கு முன் கிழக்கிலிருந்து இங்கிலாந்துக்குப் போன மூன்று ஆண் குதிரைகளில் ஒன்றில் போய் முடிந்தது. எட்டாவது ஃபெயிலான அவனிடம், இரண்டே வருடத்தில், பயிற்சியாளரே புத்தகத்தைத் திறக்காமல் கேட்டுக்கொள்ள ஆரம்பித்தார்.

அம்மா படுக்கையில் விழுந்ததும் ஊர் திரும்பினான். பிறகு எங்கும் போக முடியாமல் ஸ்டீவனின் பண்ணையிலேயே வேலைக்குச் சேர்ந்தான். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற சிக்னல் ஸ்டீவனிடம் வந்து சேர்ந்தபோது, அதன் வழி ஏற்கெனவே அவன் நோட்டில் இருந்தது.

முதல் பக்கெட் மண் விழுந்தது. சிக்னல் உடம்பு முழுக்க உதறிப் பின்னால் சாய்ந்தது. மனோகர் முதுகு சுவரில் ஒட்டியது. கழுத்தை அணைத்துக்கொண்டு காதருகே சொல்ல ஆரம்பித்தான். "ரெட் சிக்னல். அப்பன் மான்சூன் கார்டு. அவன் அப்பன் அயர்ன் ஃபெர்ரி. அவன் அப்பன்..." அவசரமில்லாமல், ஒரே குரலில். முடிந்தால் தாய்வழி. அதுவும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து.

"இன்னா அண்ணா, இன்னும் கொட்டினா கண்ணாடிக் கால் ஒடஞ்சிடாதா?" என்று ராஜப்பா மேலிருந்து கத்தினார்.

"கண்ணாடி இல்லீங்க இது" என்றான் மனோகர், குரல் உயர்த்தாமல். "பாயும்போது முழு பாரமும் ஒரு கால்ல எறங்கும். அப்படி ஓடி ஓடித்தான் எலும்பு கெட்டியாவுது. கொட்டுங்க, மெதுவா."

பத்தொன்பதாவது பக்கெட்டில் ஒரு கல் உருண்டு சுவரில் மோதியது. சிக்னல் ஒரு காலை மாற்றி வைத்தது. அது மனோகரின் வலது பாதத்தின் மேல்.

அவன் கத்தவில்லை. கத்தினால் அது பாதிச் சரிவில் பாயும். உதட்டைக் கடித்ததில் வாய்க்குள் ரத்தம் ருசித்தது. "அவன் அப்பன்..." என்றான். பெயர் மறந்துவிட்டது. வேறு பெயர் வரவில்லை. லைனில் தன் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர்களின் பெயரைச் சொன்னான். "பர்னபாஸ். அவன் அப்பன் ஆறுமுகம்." குதிரைக்கு என்ன தெரியும், குரல் மட்டும் நிற்காமல் இருந்தால் போதும். மூன்று பக்கெட் வரை அந்தக் குளம்பு அங்கேயே இருந்தது.

இருபத்திரண்டாவது பக்கெட்டை ராஜப்பா இறக்கித் தட்டி இறுக்கினார். சரிவின் மேல் சாக்குகள் விரித்தார்கள். மனோகர் அதன் தலைக்கயிற்றை விட்டு, அதன் தொடையில் ஒரு தட்டுத் தட்டினான். சிக்னல் நான்கே பாய்ச்சலில் வெளியே போனது. மண் அவன் மேல் கொட்டியது.

மேலே எல்லோரும் குதிரையின் பின்னால் ஓடினார்கள். "ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகல!" என்று ஸ்டீவன் கத்துவது தூரத்தில் கேட்டது. மனோகர் சரிவை நோக்கி ஓரடி வைத்தான். பாதம் தாங்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

சிறிது நேரம் கழித்து விளிம்பில் ராஜப்பாவின் தலை தெரிந்தது.

"அண்ணா, இன்னும் உள்ளயா கீறீங்க? இன்னா மந்திரம் சொன்னீங்க அதுக்கு?"

"மந்திரம் இல்லீங்க. லைன் சொன்னேன்."

"எந்த லைன்?"

"நாலாவது லைன்" என்றான் மனோகர், பூட்ஸைக் கழற்ற முயன்றபடி. "மைசூர் மைன்ஸ், கொழாய்க்குப் பக்கத்துல. எறங்கி வந்து கை குடுங்க."