நான்கு பாயிண்டும் ஒரே கேள்வியும்

குவாண்டம் கணினியில் தேடுவது எப்படி என்று ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டம் வாங்கியவள் நான். இதை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல முடிந்ததில்லை, அப்பாவைத் தவிர. அவருக்கும் விளக்கியிருக்கக் கூடாது.

நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு. போன கோடையில் பழைய போர்வெல் தண்ணீருக்குப் பதில் காற்றைக் கக்க ஆரம்பித்தது. புதிதாக ஒன்று போட வேண்டும். ஒன்றே ஒன்றுக்குத்தான் அப்பாவிடம் வசதி. எங்கள் பக்கத்தில் போர் போடுவதற்கு முன் பாயிண்ட் பார்ப்பார்கள். மண்ணுக்கடியில் நீரோட்டம் எங்கே என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசிவிடுவார்கள். எங்கள் சொந்தத்தில் பாயிண்ட் பார்க்கத் தெரியாத ஆண்பிள்ளையே கிடையாது, அதுதான் எங்கள் குடும்பத்தைப் பிடித்த சனியன்.

சித்தப்பா கவட்டையான வேப்பங்குச்சியைப் பிடித்துக்கொண்டு நடந்தார், கிழக்கு வரப்போரம் குச்சி முறுக்கிக்கொண்டது. அத்தை வீட்டுக்காரர் சாவிக்கொத்தைத் தொங்கவிட்டார், அது வேறோர் இடத்தில் சுற்றியது. அக்கா வீட்டுக்காரர் நாகரிகமானவர், செம்புக் கம்பிகளை ஆன்லைனில் வரவழைத்திருந்தார், அவை இன்னோர் இடத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. என் தாய்மாமன் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடந்தார், தோப்பின் மேற்கு மூலையில் அது எழுந்து நின்றது. இப்படியாக எங்கள் தோப்பில் நான்கு மஞ்சள் கற்கள் முளைத்தன.

ஒருவர் பாயிண்டில் போர் போட்டால் மற்ற மூன்று பேரும் அவமானப்பட்டதாக எடுத்துக்கொள்வார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முன்பு அத்தை வீட்டு நிலத்தில் சித்தப்பா நட்ட கல்லை விட்டுவிட்டு வேறிடத்தில் போர் போட்டதற்கு, அத்தை மகன் காதுகுத்துக்கு அவர் வரவேயில்லை. சீர்த்தட்டு மட்டும் யாரோ கையில் வந்தது. அத்தை அதைப் பார்த்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். அப்பாவின் கவலை தண்ணீர்கூட இல்லை, இந்த நான்கு பேர்தான்.

“மரம் காஞ்சா வேற கன்னு வெச்சிக்கலாம். கூடப் பொறந்தவன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா நான் எங்க போறது?” என்று அம்மாவிடம் புலம்பினார். பிறகு சோற்றைப் பிசைந்தபடி என்னைப் பார்த்து, “உன் படிப்புல இதுக்கு எதுனா வழி இருக்குதா பாப்பா?” என்றார்.

என் படிப்பைப் பற்றி அதுவரை எங்கள் வீட்டில் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, எப்போது முடியும் என்பது. முதல் முறையாக வேறொரு கேள்வி வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு டம்ளர்களைக் கவிழ்த்து வைத்து, ஒன்றுக்கடியில் ஒரு புளியங்கொட்டையை ஒளித்தேன்.

சாதாரணக் கணினி ஒவ்வொரு டம்ளராகத் தூக்கிப் பார்க்கும். நேரம் சரியில்லை என்றால் மூன்றைத் தூக்க வேண்டி வரும். குவாண்டம் கணினி நான்கு டம்ளர்களையும் சேர்த்து ஒரே கேள்வி கேட்கும். கொட்டை இருக்கும் டம்ளரின் அலை மட்டும் தலைகீழாகும். அதன் பிறகு எல்லா அலைகளையும் சராசரியைச் சுற்றி ஒரு திருப்புத் திருப்பினால், வெறும் டம்ளர்கள் மூன்றும் அடங்கிப்போகும், கொட்டை இருப்பது மட்டும் எழும்பி நிற்கும். டம்ளர்கள் பத்து லட்சம் இருந்தால்கூட ஆயிரம் கேள்விக்குள் வேலை முடிந்துவிடும். சாதாரணக் கணினி பாதியையாவது தூக்கிப் பார்த்து இடுப்பு ஒடிந்திருக்கும். இதையெல்லாம் சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் சொல்லி முடித்தேன்.

அப்பா டம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “நாலு இருந்தா, ஒரே கேள்வி. தப்பாது?”

“தப்பவே தப்பாதுங்கப்பா” என்றேன். என் வாயில் சனி உட்கார்ந்திருந்த நேரம் அது.

மறுநாள் காலை நான் டீக்கடையைத் தாண்டிப் போகும்போது சித்தப்பா கூப்பிட்டு நிறுத்தினார். “ஏம் பாப்பா, நாலு பாயிண்ட்ல எதுல தண்ணி இருக்குன்னு உன் மெஷினு சொல்லிடுமாமே? உங்கப்பா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறாரு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குத் திரும்பி, மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்த அப்பாவைப் பிடித்தேன். “அப்பா, அது பூமிக்குள்ள எட்டிப் பாக்காதுங்க. எது சரியான பதில்னு அடையாளம் தெரியற மாதிரி கேள்விய நாமதான் எழுதிக் குடுக்கணும். கொட்டைய ஒளிச்சி வெச்சது நான்தானே? தண்ணி எங்க இருக்குன்னு எனக்கே தெரியாம நான் எதக் கேக்கறது?”

“எனக்கும் அது புரிஞ்சிதான் இருந்துச்சு” என்றார், நிமிராமல். “மச்சான் தேங்காயி நின்ன எடத்துக்கு வர்ற மாதிரி எழுதிடு.”

அம்மா பிறந்த வீட்டில் மாமா காட்டிய இடத்தில் இன்றைக்கும் தண்ணீர் வருகிறது என்பதால், அப்பாவுக்கு மனதுக்குள் அந்தப் பாயிண்டின் மேல்தான் நம்பிக்கை. ஆனால் தம்பியை விட்டுவிட்டுப் பெண்டாட்டியின் தம்பி பேச்சைக் கேட்டான் என்று ஊர் சொல்லுமே.

“இது பித்தலாட்டமில்லீங்களா?”

“நான் சொன்னா எங்கூட சண்டைக்கு வருவாங்க. மெஷினு சொன்னா எவன் போயி மெஷின்கிட்ட சண்ட போடுவான்?” என்று தீவனக் கூடையைத் தட்டிவிட்டுப் போனார். குவாண்டம் கணினியின் மேன்மை பற்றி நான் படித்த எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இந்த மேன்மையைச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோப்பில் நாற்காலிகள் போட்டார்கள். அப்பா சொன்னபடியே கேள்வியை எழுதி வைத்துக்கொண்டு, நான் மடிக்கணினியோடு நடுவில் உட்கார்ந்தேன். உண்மையான குவாண்டம் கணினி எங்கோ வெளிநாட்டில் குளிர்பெட்டிக்குள் இருக்கிறது. நாம் இணையத்தில் வேலையை அனுப்பிவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டும். “அங்கயும் ரேஷன் கடதானா?” என்றார் அத்தை வீட்டுக்காரர். அக்கா வீட்டுக்காரர் தன் செம்புக் கம்பிகளை மடியில் வைத்தபடி, அந்தக் கணினிக்குள்ளேயும் செம்புதான் இருக்கும் என்று அடித்துச் சொன்னார். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்ததால் நான் மறுக்கவில்லை.

முடிவு நான்கு பட்டைகளாகத் திரையில் வந்தது. கணக்குப்படி மாமாவின் பட்டை மட்டும்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் இந்த இயந்திரங்களுக்கு இன்னும் கை நடுக்கம் போகவில்லை, பிழையாகச் சில விடைகளும் கலந்துவிடும். மாமாவுடையது உயரமாக நிற்க, மற்ற மூன்றும் குட்டி குட்டியாகத் தெரிந்தன. பித்தலாட்டத்தின் சாயம் வெளுத்துவிட்டது என்று எனக்கு வியர்த்தது. சித்தப்பாவோ மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“என்துலயும் கொஞ்சம் தண்ணி காட்டுது பாருங்க” என்றார். மற்ற இருவரும் தங்கள் குட்டிப் பட்டைகளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அத்தை வீட்டுக்காரர் தன்னுடையது சித்தப்பாவுடையதைவிட ஒரு மயிரிழை உயரம் என்று விரல் வைத்துக் காட்டினார். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. அப்பா என்னைப் பார்த்த பார்வையில் இருந்த பெருமை, நான் பட்டம் வாங்கிய அன்றுகூட இருந்ததில்லை.

போர் வண்டி வந்தது. பூசை போட்டு, மேற்கு மூலையில் இறக்கினார்கள். மாமா செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். ஓட்டை இறங்க இறங்க வெள்ளைப் புழுதிதான் மேலே வந்தது. நாங்கள் எல்லோரும் கோலமாவு டப்பாவுக்குள் விழுந்து எழுந்தவர்கள் போல ஆனோம். ஆயிரம் அடி தாண்டியும் புழுதிதான். வண்டிக்காரர் அப்பாவைப் பார்த்துக் கையை விரித்தார். மாமா முகத்தில் புழுதிக்கு மேல் இரண்டு கோடுகள் ஈரமாக இறங்கியிருந்தன.

அப்பா எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார். “மச்சான் தேங்காயி மேல தப்பில்ல. இந்த மெஷினுதான் மோசம் பண்ணிடுச்சு. படிச்ச புள்ள சொல்றாளேன்னு நம்பினேன் பாருங்க!”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. கேட்ட கேள்விக்கு இயந்திரம் சரியாகத்தான் பதில் சொல்லியிருந்தது. வாயைத் திறக்கப் போனேன். அப்பா கண்ணால் மாமாவைக் காட்டினார். வாயை மூடிக்கொண்டேன்.

சித்தப்பா தலைத்துண்டை உதறிக்கொண்டு சிரித்தார். “என் பாயிண்ட்ட அந்த மெஷினு ஒழுங்காவே பாக்கல. போவுது வுடுண்ணா. நாளைக்கு என் மோட்டார்ல இருந்து பைப்பு இழுத்துக்கோ. மரம் காயறத நான் பாத்துக்கிட்டு இருக்க முடியாது.”

அப்பா தானாகப் போய்க் கேட்டிருக்கவே மாட்டார், சித்தப்பாவும் கேட்காமல் கொடுத்திருக்க மாட்டார். அப்பா தம்பியின் தோள் புழுதியைத் தட்டிவிட்டார்.

மத்தியானம் எல்லோருக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. நான் பரிமாறினேன். ஊர் உலகத்துக்கே இளைத்தவளாகிவிட்டேன், “இன்னும் கொஞ்சம் மெஷினு ஊத்து” என்று குழம்பு கேட்டார் அக்கா வீட்டுக்காரர். மாமா மட்டும் இலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். நான் அவர் எதிரில் குனிந்ததும் தணிந்த குரலில் கேட்டார். “பாப்பா, எங்கிட்ட நெசத்தச் சொல்லு. மெஷினா தப்பு பண்ணுச்சு, நானா?”

நான்கில் ஒன்றைத் தேடும்போது இந்த முறை தப்பவே தப்பாது என்று தேர்வாளர்கள் முன்னால் நின்று நிரூபித்தவள் நான்.

“மெஷினுதாங்க மாமா” என்றேன்.

“அப்ப ரசம் ஊத்து” என்று சோற்றில் குழி பறித்தார்.